குறைந்த தண்ணீரில் பொதுப் பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருப் பூங்கா, சாலை நடுத்திட்டு, அலுவலக வளாகம் போன்ற பொது இடங்களைத் தண்ணீர் அதிகம் கேட்காத தோட்டமாக மாற்ற நினைக்கும் குடியிருப்போர் சங்கங்களும் வார்டு உறுப்பினர்களும் பராமரிப்பை ஏற்றிருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சென்னையையும் அதை ஒட்டிய கடலோரப் பகுதிகளையும் மனதில் வைத்து எழுதியது. உள்மாவட்டங்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. இங்கே எதற்கு வறட்சி தாங்கும் செடி?

அந்த மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் மாலை இடிமழை கொஞ்சம் கிடைக்கும். பொங்கல் கழிந்தால் கத்திரி வெயில் முடியும்வரை ஏறத்தாழ ஐந்து மாதம் ஒன்றுமே இல்லாமல் போகும் ஆண்டுகள் உண்டு. பூங்காவை வடிவமைக்கும்போது ஆண்டு மழையைப் பார்க்கக் கூடாது, இந்த ஐந்து மாதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றின. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் குடிநீர் வந்தது. குடிக்கும் தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் பூங்காப் புல்லுக்கு லாரித் தண்ணீர் அடிக்க எந்த ஊழியருக்கும் மனம் வராது, அடிக்கவும் கூடாது. பெங்களூரில் 2024 மார்ச்சில் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்படி ஒரு கோடை வரும்போது பூங்காவில் எது பிழைக்கும் என்பதை இன்றைக்கே தீர்மானித்துக்கொள்வதுதான் இந்த வேலை.

ஒரு புல்தரை உண்மையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். ஏப்ரல், மே வெயிலில் பச்சைப் புல்தரை நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை ஆவியாக இழக்கும். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஒரு ஏக்கர் புல்லுக்கு ஒரு நாளைக்கு 16,000 முதல் 20,000 லிட்டர் வேண்டும். 9,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு. இது வேருக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு மட்டுமே. ரப்பர் குழாயைப் பிடித்து நண்பகலில் பீய்ச்சினால் பாதைக்கும் காற்றுக்கும் போவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வேர் பிடித்துவிட்ட ஆவாரை, நொச்சி, விராலி போன்ற புதர்ப் பாத்திக்கு, மூடாக்கும் (மண்ணின் மேல் பரப்பும் சருகுப் போர்வை) இருந்தால், கோடையில் வாரம் ஒரு முறை சதுர மீட்டருக்கு 10 லிட்டர் போதும். நாள் கணக்கில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. நன்றாக ஊன்றிய வேம்புக்கும் புங்கனுக்கும் அதுவும் தேவைப்படாது.

அப்படியானால் புல்லை முழுவதும் எடுத்துவிடலாமா?

வேண்டாம். குழந்தைகள் ஓடி விழுந்து எழ, பெரியவர்கள் காலையில் விரிப்புப் போட்டு உட்கார, புல்லுக்கு ஈடான தரை இல்லை. எடுக்க வேண்டியது யாருமே மிதிக்காத புல்லை.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பகுதி இதைத்தான் சட்டமாக்கியிருக்கிறது. பாலைவன ஊர்; நீர் பெரும்பாலும் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. சாலை நடுத்திட்டு, அலுவலக முகப்பு, வாகன நிறுத்தம் ஆகியவற்றில் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புல்லுக்கு 2026-ஆம் ஆண்டு முடிந்தபின் அந்த ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021-ல் சட்டம் இயற்றியது. விளையாட்டுத் திடலும் மக்கள் புழங்கும் பூங்காப் புல்லும் இதில் சேராது. புல்லை எடுப்பவர்களுக்குப் பரப்பளவுக்கு ஏற்ப ஊக்கத்தொகையும் தருகிறார்கள். ஒரு சதுர அடி புல்லை எடுத்தால் ஆண்டுக்கு 55 கேலன், அதாவது 208 லிட்டர் மிச்சம் என்பது அங்குள்ள நீர் ஆணையத்தின் கணக்கு. நம் மழை வேறு, மண் வேறு. ஆனால் மிதிக்கும் புல், பார்க்கும் புல் என்று பிரிக்கும் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

செய்யும் வழி: பூங்காவின் வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் போட்டு, ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் யார் எங்கே கால் வைக்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். ‘புல்லில் நடக்காதீர்கள்’ என்ற பலகை நிற்கும் இடம் முழுவதையும் முதலில் மாற்றலாம். பலகை இல்லாத இடத்தைக் குறைத்து, அங்கே நல்ல புல்லாக, நடக்க விடும் புல்லாக வைத்திருங்கள்.

மிதிக்கும் இடத்துக்கு எந்தப் புல்?

அருகம்புல். நர்சரிகளில் கொரியன் புல், மெக்சிகன் புல், பஃபலோ புல் என்று பாய் பாயாக விற்பவை கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் அருகு கோடையில் பழுத்துக் காய்ந்தாலும் முதல் மழைக்குத் தண்டிலிருந்து துளிர்த்துவிடும். ஏப்ரலில் பூங்காப் புல் பழுப்பாக இருப்பதைக் குறை என்று புகார் எழுதாமல் இருக்க நாமும் பழக வேண்டும். அது செத்துப்போகவில்லை, ஓய்வில் இருக்கிறது. அருகு நிழலில் வராது. மர நிழலில் புல் போடும் முயற்சியைக் கைவிட்டு இலைச்சருகையே தரையாக விடலாம்.

இன்னொன்று பொடுதலை. வரப்பிலும் குளக்கரையிலும் தரையோடு படர்ந்து, வெள்ளையும் ஊதாவுமாகச் சிறு பூ வைக்கும் மூலிகை. ஜப்பானில் இதிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகத்தைக் கலிபோர்னியாவில் புல்லுக்கு மாற்றாகக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள். நம் ஊரில் களை என்று கொத்தி எறிகிறோம். மழைநீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும், காய்ந்தாலும் மீளும், மிதமாக மிதிக்கலாம். பூக்கும் காலத்தில் தேனீ வரும். எனவே வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் வேண்டாம், ஓரங்களில் வைக்கலாம்.

புதர், கொடி, மரம் என்று எவற்றை நடலாம்?

இந்தக் கடலோரத்துக்கே உரிய காடு ஒன்று உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ஐந்து மாத வறட்சியையும் மூன்று மாத அடைமழையையும் தாங்கி, இலை முழுவதும் உதிர்க்காமல் நிற்கும் மரங்களும் முட்புதர்களும் கொண்டது. இன்றைக்கு அதன் மிச்சம் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் இருக்கிறது. ஆரோவில்லில் செம்மண் பொட்டலாகக் கிடந்த நிலத்தில் 1968-க்குப் பிறகு இந்தக் காட்டை மீட்டெடுத்தார்கள். சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில் 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவிலும் கடலோரத்துக்கு உரிய நாட்டுத் தாவரங்களைப் பார்க்கலாம். செடிப் பட்டியல் தயாரிக்கும் முன் சங்கத்திலிருந்து நான்கு பேர் இப்படி ஓரிடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது, பட்டியலை இணையத்தில் தேடுவதைவிட நல்லது.

நேரடி வெயில் படும் பாத்திக்கு என் முதல் தேர்வு ஆவாரை. பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டும் அந்த மஞ்சள் பூ, கல்லிலும் மேட்டிலும் தானாக வளர்வது. நடுத்திட்டில் அதை வைக்க ஏன் தயங்குகிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேலி போல வெட்டி வளர்க்க விராலி, மருதாணி, நொச்சி, களா. களாவில் முள் உண்டு, எனவே நடைபாதையிலிருந்து தள்ளி. அரைநிழலுக்கு ஆடாதொடை, பவளமல்லி. தரையோரத்துக்கு நித்தியகல்யாணி, மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான், ஆனாலும் எந்தக் கோடையிலும் பூக்கும். கம்பி வேலியில் ஏற்றச் சங்குப்பூ, முடக்கத்தான், பிரண்டை. கடற்கரை மணலுக்கு அடப்பங்கொடியை மிஞ்ச எதுவும் இல்லை.

காகிதப்பூ தென் அமெரிக்கச் செடி. தண்ணீர் குறையக் குறையத்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும், ஆகவே வைக்கலாம். இட்லிப்பூவுக்கு நடுத்தரத் தேவை, உப்புத் தண்ணீரில் இலை மஞ்சளாகும். செம்பருத்திக்குத் தண்ணீரும் வேண்டும், மாவுப்பூச்சியும் வரும். வாசல் அருகே நாலு செடி போதும்.

மரத்தில் வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை, மகிழம், நாவல், இலுப்பை, சரக்கொன்றை. இவற்றில் எதை எங்கே என்பது இட அகலத்தைப் பொறுத்தது: மின்கம்பி போகும் ஓரத்தில் நாவலை நட்டுவிட்டுப் பத்து ஆண்டு கழித்துத் தலையை வெட்டுவதைவிட அங்கே மந்தாரையோ சரக்கொன்றையோ வைப்பது நல்லது. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னையில் பெருமளவில் சாய்ந்தவற்றில் மயில்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வறட்சி தாங்கும் என்றால் எதை வேண்டுமானாலும் நடலாமா?

கூடாது. சீமைக்கருவேலம் கடும் வறட்சியையும் தாங்கும் மரம்தான். அதை ஏரிகளிலிருந்து பிடுங்க இன்றும் பாடுபடுகிறோம். நர்சரியில் பல வண்ணத்தில் விற்கும் உண்ணிச்செடியும், ‘தரைமூடி’ என்று விற்கும் மஞ்சள்பூ வெடேலியாவும் பூங்காச் சுவரைத் தாண்டி ஓடை, காடு என்று பரவுபவை. கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வேகமாகப் பச்சைச் சுவர் எழுப்பித் தரும் என்பதால் பல நகரங்களில் வரிசை வரிசையாக நட்டார்கள். மகரந்த ஒவ்வாமை, நிலத்தடிக் குழாய்களுக்குள் புகும் வேர் என்ற காரணங்களால் குஜராத் அரசு 2023-ல் அதை நடத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் பின்னர் தடை செய்தது. ஒப்பந்தக்காரர் தரும் பட்டியலில் இந்த நான்கில் எது இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

அரளி நச்சுச்செடி ஆயிற்றே?

ஆம், எல்லாப் பாகமும். தங்கஅரளியின் கொட்டை இன்னும் கொடியது. நெடுஞ்சாலை நடுத்திட்டில் புகையையும் வெயிலையும் தாங்கி, மாடும் ஆடும் மேயாமல் நிற்பதற்கு அந்த நஞ்சே காரணம். அங்கே அது சரியான செடி. குழந்தைகள் விளையாடும் பூங்காவில் இரண்டும் வேண்டாம். திருகுகள்ளியின் பாலும் கண்ணில் பட்டால் ஆபத்து.

எங்கள் பூங்காவில் நவம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வறட்சிச் செடிகள் அழுகிவிடாதா?

இதுதான் சென்னைக்கு உரிய கேள்வி. வெளிநாட்டு வறட்சித் தோட்டப் படங்களைப் பார்த்துக் கற்றாழையும் கள்ளியும் கூழாங்கல்லுமாக அமைத்துவிட்டு, முதல் அடைமழையில் எல்லாம் அழுகிப்போய் ‘நம் ஊருக்கு இது ஒத்துவராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது வறட்சி, வெள்ளம் இரண்டையும் தாங்குபவை. புங்கன், பூவரசு, நொச்சி, வெட்டிவேர், பொடுதலை ஆகிய ஐந்தும் அந்த வகை. தாழ்வான பகுதிக்கு இவற்றை மட்டும் வையுங்கள். கற்றாழையும் காகிதப்பூவும் மேட்டுப் பாத்திக்கு.

தண்ணீர் நிற்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒரு மூலையைப் பள்ளமாக்கி, பாதைகளின் நீரை அங்கே திருப்பி, மழை விட்டதும் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கும்படி உறிஞ்சுகிணறு வெட்டினால் கோடைக்கு வேண்டிய ஈரம் அங்கேயே சேரும். சென்னை மாநகராட்சியும் இப்போது பல பூங்காக்களில் இப்படி மழைநீர்க் குட்டைகள் அமைத்துவருகிறது.

பாத்தியை எந்த மட்டத்தில் அமைப்பது?

பாதையைவிட நாலு விரலாவது தாழ்வாக. நம் பூங்காக்களில் பெரும்பாலும் தலைகீழ்: செங்கல் விளிம்பு கட்டி, உள்ளே மண்ணைக் குவித்து, பாத்தியைப் பாதைக்கு மேலே தூக்கிவிடுகிறோம். பெய்கிற மழை முழுவதும் விளிம்பைத் தாண்டிப் பாதைக்கும் அங்கிருந்து தெருவுக்கும் போகிறது. பிறகு அதே பாத்திக்கு லாரியில் தண்ணீர் வாங்குகிறோம். புதுப்பிக்கும் பணியில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், செடியையும் குழாயையும் விட்டுவிட்டு இந்த மட்டத்தை மட்டும் சரிசெய்யுங்கள் என்பேன்.

மண்ணுக்கு என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓரடி ஆழம் தோண்டிப் பாருங்கள். மேலே நாலு அங்குலம் செம்மண், கீழே உடைந்த செங்கல்லும் சிமென்ட் கட்டியும் என்பது பல பூங்காக்களின் நிலை. கட்டட இடிபாட்டின் மேல் எந்தச் செடியும் வேரை ஆழமாக விடாது. ஆழ வேர் இல்லாத செடி வறட்சியைத் தாங்காது, அதன் குணம் எதுவாக இருந்தாலும். நடும் இடங்களிலாவது இரண்டடிக்கு இடிபாட்டை அள்ளிவிட்டு நல்ல மண்ணும் மக்கிய உரமும் கலந்து நிரப்ப வேண்டும். அதே குழியில் தண்ணீர் ஊற்றி, ஒரு முறை வடியவிட்டு, இரண்டாம் முறை ஊற்றி எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பெசன்ட் நகர் மணலில் நிமிடங்களில் போய்விடும், வேளச்சேரிக் களிமண்ணில் மறுநாளும் நிற்கும். மணலுக்குத் தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கூடுதலாக வேண்டும். களிக்கு மக்கிய உரம் போட்டு, தண்ணீரை நிதானமாக விட வேண்டும்.

அப்புறம் மூடாக்கு. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிப்பதும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுவதும் பூங்காவின் செல்வத்தை வெளியே அனுப்புவது. இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குச் சருகைப் பாத்தியில் பரப்பினால் மண்ணின் சூடு தணியும், ஆவியாதல் குறையும், களை அடங்கும், மக்கி உரமாகும். தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விடுங்கள். ‘கூட்டவில்லை’ என்று புகார் வரும். அதற்கு ஒரு சிறு பலகை வைத்து விளக்கிவிடலாம்.

சொட்டுநீர் போட்டால் போதுமா? பராமரிக்க முடியுமா?

வயலில் சொட்டுநீரைப் பழகியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளமானோர் இருக்கிறார்கள். அதே பொருள்தான், அதே கடைதான். புதர்ப் பாத்திக்கு 16 மி.மீ. குழாயில் 30 அல்லது 40 செ.மீ. இடைவெளியில் உள்ளேயே சொட்டுவான் (நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனை) பதித்து வருவதைச் சருகுக்கு அடியில் ஓட்டினால் போதும். மரக்கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டை எதிரெதிர்ப் பக்கம் வைத்து, கன்று வளர வளர வெளியே நகர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் தண்டின் அடியிலேயே விட்டுவைப்பதால்தான் வேர் பரவாமல் காற்றில் மரம் சாய்கிறது.

ஒரே வால்வில் புல்லையும் ஆவாரையையும் இணைக்காதீர்கள். அதிகம் குடிப்பதற்கு ஒரு வால்வு, குறைவாகக் குடிப்பதற்கு ஒரு வால்வு, கன்றுகளுக்குத் தனி வால்வு. இப்படிப் பிரிக்காவிட்டால் புல் காயாதிருக்க விடும் தண்ணீரில் ஆவாரை அழுகும்.

அடைப்புதான் பெரிய தொல்லை. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு, தொட்டித் தண்ணீரில் பாசி. வாரம் ஒரு முறை பில்டரைக் கழுவவும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை ஓடவிடவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று அறிய, முதல் சொட்டுவானின் அடியில் ஒரு டம்ளர், கடைசிச் சொட்டுவானின் அடியில் ஒரு டம்ளர் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தால் நலம். நன்றாகக் குறைந்தால் அடைப்போ அழுத்தக் குறைவோ இருக்கிறது. அணில் குழாயைக் கடிக்கும். சருகுக்கோ மண்ணுக்கோ அடியில் புதைத்து, பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் தொல்லை பெருமளவு குறையும். அந்தச் சட்டி நீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

தானியங்கிக் கருவி, ஈரப்பத உணரி எல்லாம் நல்லவைதான். மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் விடும் கருவியைவிட, வால்வைத் திறக்குமுன் முழ நீள இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பார்க்கும் தோட்டக்காரரே மேலானவர். கம்பி எளிதாக இறங்கினால் ஈரம் இருக்கிறது, அன்றைக்கு வேண்டாம். விடும் நாளில் விடியலுக்கு முன் தொடங்கி ஆழமாக நனையும்வரை விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும்.

சாலை நடுத்திட்டுக்கு?

லாரியில் பீய்ச்சுவது போக்குவரத்தையும் மறிக்கும், மண்ணையும் அரித்துச் சாலையில் கொட்டும், ஊழியரையும் வண்டிகளுக்கு நடுவே நிறுத்தும். சாலை போடும்போதே குறுக்கே ஒரு குழாய் புதைத்து வைத்தால் பிறகு தோண்ட வேண்டாம். மூன்றடிக்குக் குறைந்த அகலத் திட்டில் மரம் வேண்டாம். சந்திப்புக்கு அருகே இரண்டடிக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம். நடந்து கடப்பவர் ஓட்டுநரின் கண்ணில் பட வேண்டும்.

கழிவுநீரைச் சுத்திகரித்து விடலாமா?

விடத்தான் வேண்டும். பக்கத்து அடுக்குமாடியில் சுத்திகரித்த நீர் மிஞ்சி மழைநீர் வடிகாலில் ஓடிக்கொண்டிருக்க, அடுத்த தெருப் பூங்கா போர்வெல் போட்டு உறிஞ்சுவது பெரிய வீண். சில கட்டுப்பாடுகள் மட்டும்: தெளிப்பான் வேண்டாம், துளி காற்றில் பறந்து மூச்சில் போகும், சொட்டுநீர் மட்டும். நல்ல பில்டர் கட்டாயம். குழாயைத் தனி நிறத்தில் அடையாளப்படுத்தி, ‘குடிக்க உகந்த நீர் அல்ல’ என்று எழுதி, கைக்கு எட்டும் திருகுகுழாய் எதிலும் இணைக்காமல் இருக்க வேண்டும். உப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் பூவரசு, புன்னை, வேம்பு, காகிதப்பூ போன்றவை பொருந்தும். கோடையில் மண்ணில் சேரும் உப்பை வடகிழக்கு மழை கழுவிவிடும்.

பழைய மரங்கள் இருக்கின்றன. புல்லை எடுத்தால் அவற்றுக்கு என்ன ஆகும்?

கவனமாக இருங்கள். பல ஆண்டுகளாகப் புல்லுக்கு விட்ட தண்ணீரைத்தான் அந்த மரமும் குடித்து வந்திருக்கும். கலிபோர்னியாவில் பத்தாண்டுகளுக்கு முன் வந்த வறட்சியில் புல்லுக்கு நீரை நிறுத்தியபோது அதில் நின்ற மரங்களும் வாடின; புல்லைக் காய விடுங்கள், மரத்தைக் காய விடாதீர்கள் என்று தனியாக அறிவுறுத்த வேண்டியிருந்தது. புல்லை எடுத்தபின் இரண்டு கோடைக்காவது பெரிய மரங்களுக்குக் கிளைப் பரப்பின் விளிம்பை ஒட்டி வட்டமாகக் குழாய் போட்டு, மாதம் இரண்டு முறை ஆழமாக நனையுங்கள். வேரை வெட்டிக் குழாய் புதைக்காதீர்கள். தண்டைச் சுற்றிச் சிமென்ட் இருந்தால் உடைத்தெடுங்கள்: தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அதையே குறைந்த அளவாகக் கொள்ளலாம்.

எப்போது நடுவது?

சென்னைப் பகுதியில் புரட்டாசி இறுதி, ஐப்பசி தொடக்கம். வடகிழக்கு மழையே முதல் மூன்று மாதத் தண்ணீரைத் தந்துவிடும். தாழ்வான இடத்தில் மட்டும் பெருமழை ஓய்ந்த மார்கழியில். கோவை, தென்காசிப் பக்கம் தென்மேற்கு மழையைக் கணக்கில் கொண்டு ஆடியிலேயே நடலாம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில், அக்கினி வெயில் தணியாத மண்ணில் நடும் கன்றுகளுக்காக எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. அன்றைக்குக் குழி வெட்டி மண்ணைத் தயார் செய்யும் பணியை விழாவாக நடத்தலாமே.

புதர் வைத்தால் பாம்பும் கொசுவும் வராதா? பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்களே?

பயம் நியாயமானது, வடிவமைப்பில் பதில் சொல்ல வேண்டியது. பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது. உணவு மிச்சம் கொட்டும் இடத்தை ஒழியுங்கள். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். கசியும் வால்வுப் பெட்டியும் மூடாத தொட்டியும்தான் அதன் இடம், புதர் அல்ல. நடைபாதையின் இருபுறமும் ஆறடி அகலத்துக்கு இரண்டடி உயரத்தைத் தாண்டாத செடி மட்டும், மரக்கிளை தலைக்கு மேல் எட்டடியில், விளக்கை இலை மறைக்காமல். பூங்காவின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும்.

பிளாஸ்டிக் புல்?

வேண்டாம். வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரிக்கு மேல் சுடும், குழந்தைகளின் காலைப் பொசுக்கும். நைந்து உதிரும் துகள் மழைநீரோடு போகும்.

மேம்பாலத் தூணில் செங்குத்துத் தோட்டம்?

கைப்பிடி மண்ணில் வளரும் செடிக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாவற்றுக்கும் எதிரானது. தூணின் அடியில் மண் இருந்தால் ஒரு கொடியை ஏற்றுங்கள்.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் ஊன்றும்வரை தண்ணீர் வேண்டும்: முதல் மாதம் ஒன்று விட்டு ஒரு நாள், ஆறு மாதம் வரை வாரம் இரு முறை, இரண்டாம் கோடையில் வாரம் ஒன்று. இரண்டு கோடையைத் தாண்டிய செடிதான் உண்மையில் வறட்சி தாங்குவது. ஆகவே நடுவதற்கு மட்டும் பணம் ஒதுக்கும் ஒப்பந்தம் பயனற்றது. இரண்டாண்டுப் பராமரிப்பையும் அதிலேயே சேர்த்து, தொகையில் ஒரு பகுதியை இரண்டாம் கோடை முடிந்து, பிழைத்த செடிகளை எண்ணியபின் கொடுப்பதாக எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் மீட்டர் ஒன்றும் கட்டாயம். மாதாமாதம் அளவைப் பூங்கா வாசலில் எழுதிப் போடும் பழக்கம் வந்தால் கசிவு எங்கே என்று மக்களே சொல்லிவிடுவார்கள். செலவைச் சுருக்க வேண்டி வந்தால் நீரூற்றையும் சிலையையும் வண்ண விளக்கையும் குறையுங்கள். பெரிய கன்றுக்குப் பதில் சின்னக் கன்று வாங்கலாம், இரண்டாண்டில் எட்டிப் பிடித்துவிடும். தோட்டக்காரரின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவருக்குப் பில்டர் கழுவவும் கிளை கவாத்து செய்யவும் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, குழாய்களின் வரைபடத்தின் ஒரு பிரதியை அவரிடமும் இன்னொன்றைச் சங்கத்திலும் வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.